லெட்டூஸ் ஸ்லக்: பாசி இருந்தால் மட்டும் வாங்குங்கள்

கடல்நீர்த் தொட்டி வைப்பவர்களுக்கு ‘லெட்டூஸ் ஸ்லக்’ என்று விற்கப்படுவது எலிசியா கிரிஸ்பேட்டா என்ற ஓடில்லாத கடல் நத்தை. பிரயோப்சிஸ் என்ற பச்சைப்பாசி மண்டிய தொட்டியில் அதைத் தின்று, கொடுத்த காசுக்கு உழைக்கும். பாசியில்லாத தொட்டியில் விட்டால் பட்டினியில் சாகும்.

அழகு விஷயத்தில் குறையே சொல்ல முடியாது. முதுகின் இரு பக்கத் தோலும் கொசுவம் வைத்த சேலைபோல நெளிநெளியாக மடிந்திருக்கும். மேலே வெள்ளைப் புள்ளிகள். ஓரங்களில் நீலம், மஞ்சள், செம்மை என ஒவ்வொன்றுக்கும் ஒரு கரை. பெரும்பாலும் 3 முதல் 5 செ.மீ. நீளம். நிறம் ஆளுக்கு ஆள் மாறுவது இந்த இனத்தில் இயல்பு. ‘அபூர்வ நிறம்’ என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

பார்க்க வேண்டியது பச்சையைத்தான். அந்தப் பச்சை, தின்ற பாசியிலிருந்து எடுத்துத் தன் உடம்பில் சேமித்த பசுங்கணிகங்களால் வருவது. அவை வெளிச்சத்தில் பல வாரங்கள் ஒளிச்சேர்க்கை செய்யும். அதை நம்பி ‘வெளிச்சமே போதும், தீனி வேண்டாம்’ என்று சொல்லி விற்பது தவறு. வெளிறி, சுருங்கிக் கிடப்பது ஏற்கெனவே பட்டினியில் இருக்கிறது, அதை வாங்காதீர்கள்.

இதன் சொந்த இடம் தெற்கு புளோரிடா, பஹாமாஸ், கரீபியன் கடல்; வெயில் படும் ஆழமில்லாத தண்ணீர். தொட்டியிலும் 24–27 டிகிரி, நல்ல வெளிச்சம் வேண்டும். மெக்சிகோவின் பசிபிக் கரையில் வாழும் எலிசியா டயோமீடியா இதன் நெருங்கிய உறவு. வாங்கும்போது எந்தக் கடலிலிருந்து வந்தது என்று கேளுங்கள்.

இது பாசியின் செல் சுவரை ஒற்றைப் பல்லால் குத்திச் சாற்றை உறிஞ்சும். அதனால் பிரயோப்சிஸ், டெர்பீசியா போன்ற குழல்வடிவப் பச்சைப்பாசிகள்தான் இதற்கு இரை. கண்ணாடியில் படியும் பழுப்புப் படலத்தையும் செந்நிறச் சளிப்பாசியையும் தொடாது. ‘முடிப்பாசி’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல வகை உண்டு. எது என்று தெரிந்த பிறகு வாங்குங்கள்.

பவர்ஹெட்டில் (தொட்டித் தண்ணீரைச் சுழற்றும் சிறு பம்பு) இழுபட்டும் சாகும். நத்தையை விடுவதற்கு முன்பே பம்பின் உறிஞ்சும் வாயைத் துளைப் பஞ்சால் மூடி, வாரம் ஒருமுறை அலசுங்கள். கடல் சாமந்திகள் இருக்கும் தொட்டி வேண்டாம், கொட்டிவிடும். செம்பு மருந்து போட்ட தண்ணீர் கூடவே கூடாது. பையிலிருந்து நேரே கொட்டாமல் ஒரு மணி நேரமாவது சொட்டுச்சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து பழக்குங்கள். 100 லிட்டருக்கு ஒன்று போதும்.

பாசி தீர்ந்ததும் பாசியுள்ள இன்னொரு தொட்டிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். நம் கடலில் மட்டும் விடாதீர்கள். இது இந்தப் பக்கத்து உயிர் அல்ல.