கார் நேவிகேட்டரை வைத்து ஜியோகேச்சிங்

யாரோ ஒளித்துவைத்த சிறு பெட்டியை ('கேச்'), அதன் ஆயத்தொலைவை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) வைத்து ஜிபிஎஸ் உதவியோடு தேடும் விளையாட்டுதான் ஜியோகேச்சிங். அதற்கென்று தனிக் கருவி வாங்காமல் கார் நேவிகேட்டரோடுதான் கேச் தேடுகிறேன். பக்கத்துச் சாலை வரை கொண்டுபோய் விடுவதில் அதை அடிக்க ஆளில்லை. சிக்கல் இறங்கி நடக்கும்போதுதான். நாம் மரங்களுக்கு நடுவே நிற்போம், திரையில் அம்புக்குறி சாலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வண்டி சாலையில்தான் ஓடும் என்று வைத்து, நம் இடத்தை அருகிலுள்ள சாலைக்கு இழுத்துவிடும் மென்பொருள் அது. அப்படி இழுக்காமல் நிற்கும் இடத்தையே காட்டும் 'ஆஃப் ரோடு' முறை இருந்தால் தீர்ந்தது. என்னுடையதில் இருக்கிறது, அதனாலேயே எனக்குப் பிடிக்கும். அப்புறம், பாகையும் (டிகிரி) தசம நிமிடமுமாக (நிமிடம் என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஆயத்தொலைவு ஏற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நிமிடத்தின் மூன்றாம் தசம இலக்கத்தில் ஒன்று மாறினால் வடக்கு தெற்காகச் சுமார் 1.85 மீட்டர் தள்ளிப்போகும். பேட்டரி சீக்கிரம் இறங்கும், மழையும் ஆகாது. பவர் பேங்க்கும் பிளாஸ்டிக் உறையும் அவசியம்.