கச்சான் காற்றில் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு: போலார் எச்10 மார்புப் பட்டை

ஆனி, ஆடியில் மண்டபத்திலிருந்து மேற்கே ராமநாதபுரம் பார்த்து மிதித்தவர்களுக்குக் மேற்குப் பக்கமிருந்து அடிக்கும் கச்சான் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மண்டபம் போகும்போது அலட்டிக்கொள்ளாமல் மணிக்கு 35 கிலோமீட்டர் காட்டிய மீட்டர், திரும்பும்போது உயிரைக் கொடுத்து மிதித்தாலும் 19-ஐத் தாண்டாது. நம் பக்கம் நிறையப் பேர் கொஞ்ச நாளிலேயே பயிற்சியை விட்டுவிடுவதற்குச் சோம்பல் காரணமில்லை, வேகத்தை மட்டும் பார்த்து மனம் உடைவதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். அவர்கள் எல்லோரும் இதயத் துடிப்பை அளந்து காட்டும் இந்தப் பட்டையை வாங்கிக் கட்ட வேண்டும்.

நெஞ்சுக்குக் கீழே கட்டுவது. கைக்கடிகாரம் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தை ஒளியால் பார்த்துக் கணக்குப் போடும், ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக் கை அதிர்ந்தால் தடுமாறிவிடும். இது இதயத்தின் மின்துடிப்பையே நேராக எடுக்கிறது. புளூடூத், ஆன்ட் பிளஸ் என்ற இரண்டு கம்பியில்லா இணைப்பும் இருப்பதால் போனிலும் பார்க்கலாம், சைக்கிள் கம்ப்யூட்டரிலும் பார்க்கலாம்.

உச்சிப்புளிப் பக்கம் பனையெல்லாம் ஒரே பக்கம் ஓலையைச் சாய்த்து நிற்கும்போது திரையைப் பாருங்கள்: வேகம் 18, துடிப்பு 168. அந்த 168-ஐப் பார்த்ததும் 'இன்னும் ஒரு நிமிஷம் தாங்கிடலாம்' என்று தோன்றும் பாருங்கள், அதற்குத்தான் காசு. நம் வேகமும் எதிர்காற்றின் வேகமும் சேர்ந்த வேகத்தின் வர்க்கமாகக் காற்றின் எதிர்ப்பு ஏறுவதால் மெதுவாகப் போனாலும் உழைப்பு குறைவில்லை, அதை மீட்டர் சொல்லாது, துடிப்பு சொல்லும். மேடே இல்லாத மாவட்டத்தில் எதிர்காற்றுதான் நமக்கு மலை. பாம்பன் பாலத்து ஏற்றம் இருக்கிறதே என்பீர்கள், அங்கே பக்கக் காற்று தள்ளும், வேடிக்கை பார்க்க நிறுத்திய வண்டிகளும் நிற்கும், வேண்டாம்.

நான் செய்வது இதுதான்: 4 நிமிடம் உச்சத் துடிப்பில் 90 சதவீதத்துக்கு மேல், 3 நிமிடம் இளைப்பாறல், இப்படி 4 தடவை. தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரம் முதல் அரிச்சல்முனை வரையுள்ள ஒன்பதரை கிலோமீட்டர் இதற்கு அருமையான இடம், ஆனால் விடிந்ததும் போய்விட வேண்டும், சாலையில் ஏறிக் கிடக்கும் மணலையும் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இது உதவாது. துடிப்பு ஏற நேரம் பிடிக்கும், அதனால் 20 விநாடி ஸ்பிரிண்ட்டுக்கு இந்த எண்ணை நம்பாதீர்கள். வெயில் ஏறி உடம்பில் தண்ணீர் குறைந்தால் அதே உழைப்புக்கே துடிப்பு கூடிக்கொண்டு போகும், அப்போது வேகத்தைக் குறைத்துத் தண்ணீர் குடியுங்கள். உச்சத் துடிப்புக்கு 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு வெறும் சராசரி, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறும். நெஞ்சுவலி, மயக்கம் என்று ஏதாவது இருந்தவர்கள் டாக்டரைப் பார்த்த பிறகே இவ்வளவு முறுக்க வேண்டும்.

விலை அதிகம்தான், ஓசியில் வரும் ஆப்புகளோடு ஒப்பிட்டால் நிறையவே அதிகம். ஆனாலும் வாங்கலாம். கட்டும் முன் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனையுங்கள், காய்ந்திருந்தால் எண் தாறுமாறாகக் குதிக்கும். வந்ததும் கருவியைக் கழற்றிவிட்டுப் பட்டையை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், நம்மூர் உப்புக்கும் வியர்வைக்கும் அது அவசியம். அப்புறம் பேட்டரி சிஆர்2025, கடையில் 2032-ஐ எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள், அது தடிமன், உட்காராது.