செங்கோட்டைக் கடைவீதியைச் சீர்செய்ய எந்த வழி நல்லது?

1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் எங்கள் செங்கோட்டை, அதனால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புனலூரில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். கேரளத்தில் 1996-ல், உள்ளூர் வேலைகளை மக்களே பேசித் திட்டமிடும் மக்கள் திட்டம் வந்தபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவெடுத்தார்கள்; சந்தைக்குக் கூரை முதலிலா, சாக்கடை முதலிலா என்பதை வார்டு சபையில் உட்கார்ந்து பேசலாம், நேரம் பிடிக்கும்தான். நம் தமிழ்நாட்டுப் பக்கம் 2021-ல் நகரங்களுக்குத் திரும்ப வந்த நமக்கு நாமே திட்டத்தில், பொதுவாகச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும், மீதியை அரசு போடும். வசதியுள்ள தெருவுக்குச் சரி. பூ கட்டும் அக்காவும் தரைக்கடை அண்ணாச்சியும் அந்தப் பங்குக்கு எங்கே போய்ப் பணம் புரட்டுவார்கள்? எனக்குக் கேரள வழிதான் பிடிக்கிறது, அங்கே பேசுவதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.