வயதான நாய்க்கு லிம்ஃபோமா: முழு கீமோவா, ஒற்றை மருந்தா, ஸ்டீராய்டு மட்டுமா?

பத்து வயது தாண்டிய நாயின் கழுத்தைத் தடவிக்கொடுக்கும்போது தாடைக்குக் கீழே இருபுறமும் கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது. தோளுக்கு முன்னால் ஒன்று, பின்னங்கால் முட்டிக்குப் பின்புறம் ஒன்று. அழுத்தினாலும் நாய் முனகுவதில்லை. தீனி, நடை எல்லாம் வழக்கம்போல. உடம்பு முழுக்க நெறி கட்டும் லிம்ஃபோமா என்ற புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தெரியவரும். வைத்தியம் எதுவும் செய்யாமல் விட்டால் பெரும்பாலான நாய்களுக்கு மிஞ்சுவது 4 முதல் 6 வாரம்.

நான்கு வழிகள் உண்டு. நான்கைந்து மருந்துகளைச் சுழற்சியில் கொடுக்கும் முழு கீமோ, டாக்சோரூபிசின் என்ற ஒரே மருந்தைக் கொண்டு குறுகிய கீமோ, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும், துன்பம் வருமுன் ஊசி போட்டு வழியனுப்பிவிடுவது. இந்த நான்கில் எதுவும் பாவமில்லை, எதுவும் தியாகமும் இல்லை. ஆனால் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்க்கலாம் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. ஏனென்று சொல்கிறேன்.

ஸ்டீராய்டை முதலில் தொடாதீர்கள்

கட்டியைப் பார்த்ததும் "இப்போதைக்கு பிரெட்னிசலோன் கொடுத்துப் பார்ப்போம், கீமோ பற்றி அப்புறம் யோசிக்கலாம்" என்ற யோசனை நல்லெண்ணத்தில்தான் வருகிறது. மாத்திரை ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் கட்டிகள் பாதியாகச் சுருங்கும், நாய் துள்ளும், வீடே மகிழும். ஆனால் உள்ளே புற்று செல்கள் மருந்தை வெளியே தள்ளும் திறமையைப் பழகிக்கொள்கின்றன. அதே திறமை டாக்சோரூபிசினையும், வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தையும் வெளியே தள்ளிவிடும். சில வாரம் கழித்து கீமோ தொடங்கினால் நோய் அடங்கும் வாய்ப்பும் குறையும், அடங்கினாலும் காலம் குறையும். பரிசோதனை முடியுமுன் கொடுத்துவிட்டால் இன்னொரு சிக்கல்: கட்டியில் ஊசி போட்டுப் பார்த்தாலும் தெளிவான பதில் வராது.

ஆகவே முதல் வாரத்தில் மாத்திரைக்கு முன்னால் பரிசோதனை. மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்ப்பார்கள். மயக்க மருந்து தேவைப்படாது. தாடைக் கட்டியில் எடுக்காமல் முட்டிக்குப் பின்னாலோ தோளுக்கு முன்னாலோ எடுக்கச் சொல்லுங்கள். வயதான நாய்களுக்குப் பல் சொத்தை, ஈறு வீக்கம் சகஜம். அதனால் தாடைக்கட்டி எப்படியும் வீங்கியிருக்கும், படிப்பவரைக் குழப்பும். உண்ணிக் காய்ச்சலிலும், குறிப்பாக எர்லிக்கியா தொற்றிலும், உடம்பெல்லாம் நெறி கட்டும். அந்த ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்துவிடுவது நல்லது. அது ஆன்டிபயாடிக்கில் தீரும் நோய்.

லிம்ஃபோமாதான் என்று உறுதியானால் அடுத்த கேள்வி, நோய் எந்த வகை வெள்ளை அணுவில் தொடங்கியது: பி-செல்லா, டி-செல்லா. பொதுவாக பி-செல் வகை கீமோவுக்கு நன்றாக இணங்கும். டி-செல் வகை சீக்கிரம் திரும்பும். டி-செல்லில் ரத்தக் கால்சியம் ஏறுவதும் அதிகம். நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து ஓயாமல் சிறுநீர் கழித்தால் அன்றே கால்சியம் பாருங்கள், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆனால் டி-செல் என்று வந்ததுமே கையை விரித்துவிடவும் கூடாது. டி-ஸோன் என்ற மெதுவான வகை ஒன்று இருக்கிறது. கோல்டன் ரெட்ரீவர்களில் அதிகம் காணப்படும். பெரிய வைத்தியம் இல்லாமலே அந்த நாய்கள் பல மாதம், சில சமயம் வருடக்கணக்கில் நன்றாக இருக்கும். வகை பார்க்காமல் முழு கீமோ தொடங்குவதும், வகை பார்க்காமல் வழியனுப்புவதும் இந்த நாய்களுக்குச் செய்யும் அநியாயம். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற பரிசோதனை இதைப் பிரித்துச் சொல்லும்.

முழு கீமோ: அதிகக் காலம், அதிக உழைப்பு

மருத்துவர்கள் 'சாப்' என்று சொல்லும் முறை இது. முதல் வாரம் வின்கிரிஸ்டின் ஊசி, இரண்டாம் வாரம் சைக்ளோஃபாஸ்ஃபமைடு, மூன்றாம் வாரம் மறுபடி வின்கிரிஸ்டின், நான்காம் வாரம் டாக்சோரூபிசின், ஐந்தாம் வாரம் ஓய்வு. இப்படி நான்கு சுற்று. மொத்தம் 16 முறை மருந்து, ஏறத்தாழ 19 வாரம். முதல் நான்கு வாரம் பிரெட்னிசலோனும் உண்டு, கிலோவுக்கு 2 மி.கி.யில் தொடங்கி வாராவாரம் குறைத்து நிறுத்துவார்கள். கீமோவோடு சேர்ந்து வரும்போது ஸ்டீராய்டு துணை மருந்துதான்; தனியாக முன்னால் போனால்தான் கேடு.

பத்தில் எட்டு ஒன்பது நாய்களுக்குக் கட்டிகள் கரைந்துவிடும். பி-செல் வகையில் சராசரி ஆயுள் ஏறத்தாழ ஒரு வருடம். ஐந்தில் ஒன்று இரண்டு வருடத்தை எட்டுகிறது. டி-செல்லில் 6 முதல் 9 மாதம். இது குணப்படுத்தும் வைத்தியம் அல்ல என்பதை முதல் நாளே மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். நோயை அடக்கி, நல்ல நாட்களை நீட்டுவது மட்டுமே இதன் வேலை.

மனிதர்களுக்குக் கொடுக்கும் கீமோவை நினைத்துப் பலரும் நடுங்குகிறார்கள். நாய்களுக்கான அளவு குறைவாகவே வைக்கப்படுகிறது, ஏனென்றால் இங்கே குறிக்கோள் நல்ல நாட்கள். சில நாய்களுக்கு மருந்து போட்ட 2 முதல் 5 நாளுக்குள் வாந்தி, பேதி, சோர்வு வரும். மரோபிடன்ட் என்ற மருந்து கொடுத்தால் வாந்தி அடங்கும். முடி எல்லா நாய்க்கும் கொட்டாது. பூடில் மாதிரி முடி வளர்ந்துகொண்டே இருக்கும் இனங்களுக்குத்தான் அதிகம் கொட்டும். மற்றவற்றுக்கு மீசை உதிரும்.

உண்மையான ஆபத்து 7 முதல் 10 நாளுக்குள் வரும். வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தைத் தொடும் நேரம் அது. வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம். ஆசனவாய் வழியாகப் பார்த்தால் நாய்க்கு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் இயல்பு. 39.4-க்கு மேல் போய், நாயும் சுருண்டு கிடந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அந்த இரவே சேர்க்க வேண்டும். அந்த நேரத்தில் மனிதர்களுக்கான பாராசிட்டமாலோ ஐபுப்ரொஃபெனோ கொடுக்காதீர்கள். ஐபுப்ரொஃபென் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் தாக்கும், பாராசிட்டமால் கல்லீரலை. ஒவ்வொரு முறை மருந்துக்கு முன்னும் ரத்த எண்ணிக்கை பார்ப்பார்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு 1,500-க்குக் கீழே இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுவது வழக்கம்; அது தோல்வியல்ல.

சைக்ளோஃபாஸ்ஃபமைடு சிறுநீர்ப்பையின் உட்சுவரை எரிக்கும். அதைக் காலையில் கொடுத்து, அன்று முழுக்க அடிக்கடி வெளியே கூட்டிப்போய்ச் சிறுநீர் கழிக்க விடுங்கள். கூடவே சிறுநீரைப் பெருக்கும் ஃபியுரோசமைடும் கொடுப்பார்கள். நாய் முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போய், ரத்தம் கலந்திருந்தால் அந்த மருந்தை நிறுத்தி குளோராம்புசிலுக்கு மாற வேண்டியிருக்கும். டாக்சோரூபிசின் போட்ட அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாக வருவது வேறு விஷயம். அது மருந்தின் நிறம், முக்கல் இருக்காது.

வீட்டுக்காரர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. மருந்துக்குப் பின் மூன்று நாள் மலம், சிறுநீர், வாந்தியைக் கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

டாக்சோரூபிசின் மட்டும்: பேசப்படாத நடுவழி

மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 5 முறை. 12 வாரத்தில் முடிந்துவிடும். சராசரி ஆயுள் 6 முதல் 8 மாதம். முழு கீமோவைவிடக் குறைவு, பிரெட்னிசலோனைவிடப் பல மடங்கு அதிகம். ஆஸ்பத்திரிப் பயணம் 16-லிருந்து 5-ஆகக் குறைகிறது. இடையில் ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் சிறு பயணங்கள். காரில் ஏறினாலே நடுங்கும் நாய்க்கும், மருத்துவமனை வாசலில் கால் ஊன்றி நிற்கும் நாய்க்கும் இது பெரிய வித்தியாசம். வயதான நாய்க்கு இந்த வழியை மருத்துவர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேட்டுப் பாருங்கள் என்பேன். முழு கீமோ அல்லது ஒன்றுமில்லை என்ற இரண்டுக்கு நடுவே பல குடும்பங்கள் திணறுவது இதைத் தெரியாததால்தான்.

ஆனால் இந்த மருந்தின் இரண்டு குணங்களை மதிக்க வேண்டும். ஒன்று, இதயம். அளவு சதுர மீட்டர் உடல் பரப்புக்கு 30 மி.கி., சிறிய நாய்களுக்குக் கிலோவுக்கு 1 மி.கி.; எல்லா ஊசியும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 180 மி.கி.யைத் தாண்டும்போது இதயத் தசை பலவீனமாகும் ஆபத்து ஏறும். முதல் ஊசிக்கு முன் எக்கோ எடுக்காமல் வயதான நாய்க்கு இதைக் கொடுக்கவே கூடாது. டோபர்மேன், பாக்ஸர் மாதிரி இதய நோய்க்குப் பெயர்போன இனங்களுக்கு இன்னும் கவனம். இதயம் சரியில்லை என்றால் மைட்டோசான்ட்ரோன் மாற்று மருந்து.

இரண்டு, நரம்புக்கு வெளியே ஒரு சொட்டுக் கசிந்தாலும் அந்த இடத்துச் சதை வெந்து அழுகிவிடும். சில சமயம் காலையே எடுக்க வேண்டிவரும். கதீட்டர் முதல் குத்திலேயே சுத்தமாக நரம்பில் இறங்க வேண்டும். குத்திப் பார்த்துத் தவறிய அதே நரம்பில் ஏற்றக் கூடாது. 15 முதல் 30 நிமிடம் மெதுவாக ஏற்றும்போது ஒருவர் நாயின் காலைப் பிடித்தபடி கூடவே இருக்க வேண்டும். அதனால் இந்த ஊசியை அடிக்கடி போட்டுப் பழகிய கை தேவை. அந்த மருத்துவமனை மாதத்துக்கு எத்தனை முறை இதைப் போடுகிறது என்று தயங்காமல் கேளுங்கள்.

கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு, ஷெட்லண்ட் ஷீப்டாக் இனங்களிலும் அவற்றின் கலப்பிலும் ஒரு மரபணுக் கோளாறு உண்டு. அது உள்ள நாய்களுக்கு டாக்சோரூபிசினும் வின்கிரிஸ்டினும் வழக்கமான அளவிலேயே விஷமாகும். கன்னத்தில் பஞ்சைத் தேய்த்து எடுத்து அனுப்பினால் பரிசோதனை செய்துவிடலாம். முடிவு வந்தபின் அளவைக் குறைத்துக் கொடுப்பார்கள்.

ஊசியே வேண்டாம் என்றால் லோமஸ்டின் மாத்திரை இருக்கிறது, மூன்று வாரத்துக்கு ஒன்று. பலன் டாக்சோரூபிசின் அளவுக்கு நிற்காது. கல்லீரல் கெடும், தட்டணுக்கள் விழும். வேறு வழி அடைபட்டபோது மட்டும் யோசிக்கலாம்.

பிரெட்னிசலோன் மட்டும்: தெரிந்தே எடுத்தால் நல்ல வழி

ஒன்று முதல் இரண்டு மாதம். இதுதான் கணக்கு. கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. தினமும், காலைத் தீனிக்குப் பின். கட்டிகள் சுருங்கும், பசி எடுக்கும், நாய் பழைய முகத்தோடு வாலாட்டும். சிறுநீரகமோ இதயமோ ஏற்கெனவே தளர்ந்த நாய், நோய் வந்தபோதே தீனி ஒதுக்கிப் படுத்துவிட்ட நாய், வெளியாள் தொட்டால் கடிக்கவரும் நாய் – இவற்றுக்கு இதுவே கருணையான வழி என்பது என் உறுதியான கருத்து.

வயதான நாய்களில் இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து மூட்டுவலி மாத்திரையால் வருகிறது. மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்றவற்றை மாதக்கணக்கில் சாப்பிடும் நாய்க்கு அதை நிறுத்தாமல் பிரெட்னிசலோனையும் சேர்த்தால் வயிற்றில் புண் விழும், ஓட்டை கூட விழும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது அதன் அடையாளம். வலி மாத்திரையை நிறுத்தி 5 முதல் 7 நாள் இடைவெளி விட்டுத்தான் ஸ்டீராய்டு. வீட்டில் நாய் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தாகமும் சிறுநீரும் இரட்டிப்பாகும். இரவில் ஒருமுறை எழுந்து வெளியே விட வேண்டும். அடக்க முடியாமல் வீட்டுக்குள் போனால் திட்டாதீர்கள். மூச்சிரைப்பு வரும், பின்னங்கால் சதை கரையும், வழுக்கும் தரையில் பாய் விரிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் கொடுத்த மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. உடம்பு சொந்தமாக ஸ்டீராய்டு சுரப்பதை மறந்திருக்கும்.

வாரம் ஒருமுறை முட்டிக்குப் பின்னுள்ள கட்டியை விரலால் அளந்து தேதி போட்டு எழுதி வையுங்கள். மாத்திரை தோற்கும்போது கட்டி சில நாட்களிலேயே பழைய அளவுக்கு வந்துவிடும். தொண்டைக் கட்டி மூச்சுக்குழாயை அழுத்தி, நாய் கழுத்தை நீட்டி உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினால் அடுத்த முடிவுக்கு நேரம் வந்துவிட்டது. முழு கீமோ முடிந்த நாய்க்கும் நோய் திரும்பும். அப்போது மறுபடி மருந்து கொடுத்தால் கிடைக்கும் நல்ல காலம் பெரும்பாலும் முதல் தடவையின் பாதிதான்.

வழியனுப்புவது: எப்போது, எப்படி

நாயின் நாட்களை மதிப்பிட கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஓர் அளவுகோல் தந்திருக்கிறார். வலி இல்லாமை, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்ற ஏழுக்கும் பத்துக்கு மதிப்பெண். கூட்டினால் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். வீட்டில் இருவர் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பாருங்கள். அதிகம் பாசம் வைத்தவரின் கணக்கு பெரும்பாலும் தாராளமாக இருக்கும், அதில் தப்பில்லை, ஆனால் மற்றவர் கணக்கும் தேவை.

மூச்சுத்திணறி நள்ளிரவில் அவசரமாக ஓடுவதைவிட இரண்டு நாள் முன்கூட்டியே நாள் குறிப்பது நாய்க்கு நல்லது. முதலில் தூக்க ஊசி. 5 முதல் 15 நிமிடத்தில் அசந்துவிடும். பிறகு நரம்பில் பென்டோபார்பிட்டால். ஓரிரு நிமிடத்தில் இதயம் நிற்கும். கண் மூடாது, சிறுநீர் கழியலாம், நின்றபின்னும் இரண்டு மூன்று முறை மூச்சு இழுப்பதுபோல் உடம்பு அசையலாம். அது வலியல்ல, தசையின் தானியங்கி அசைவு. குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பென்டோபார்பிட்டால் உடலில் நெடுநாள் தங்கும். புதைப்பதானால் மற்ற விலங்குகள் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும், அந்த உடலைத் தின்னும் நாய்களும் பறவைகளும் செத்துவிடும். அந்த ஆழத்துக்குத் தோண்ட இடமில்லை என்றால் தகனம்தான் சரி.