விண்டோஸ் 11, மேக், லினக்ஸ் மின்ட்: பழகின கைக்கு எது எவ்வளவு தூரம்?

அக்கா தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. அவளுடைய லேப்டாப் 2016-இல் வாங்கியது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அந்த மெஷினில் இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல் சிப். விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. "புதுசு வாங்கிடலாம் தம்பி, காசு ஒண்ணும் பிரச்சினை இல்ல. பழகின கைய என்ன பண்றது?" என்று போனில் கேட்டாள்.

விலை, பேட்டரி, எடை பற்றியெல்லாம் எழுத ஆள் இருக்கிறார்கள். பழகின கையைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. எனக்கு அலுவலகத்தில் நான்கு வருடமாக மேக்புக், வீட்டில் என் மேசையில் லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளம், மகனிடம் விண்டோஸ் 11. மொழிபெயர்ப்புதான் தொழில் என்பதால் நாள் முழுக்க தமிழில் தட்டுகிறேன். அக்காவுக்காக மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள்

விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு பெட்டியிலிருந்து எடுத்ததுமே இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். கொடுத்துவிட்டால் மற்றது சுலபம். கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு வருவது: ஒன்டிரைவ். டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் போட்டு வைக்கிற கோப்புகளை அது தானே எடுத்து இணையச் சேமிப்பில் வைக்கத் தொடங்கும். இலவச இடம் 5 ஜிபி. போட்டோக்களைக் கொட்டினால் ஒரு வாரத்தில் நிரம்பி, "இடமில்லை" என்று எச்சரிக்கை வர ஆரம்பிக்கும். புதிதாக வருகிறவர்கள் பயப்படுகிற இடம் இதுதான். ஒன்டிரைவ் அமைப்பில் போய் அந்த பேக்அப்பை அணைத்துவிடலாம். அணைத்த பிறகு டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் கோப்பு தொலைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், ஒன்டிரைவ் போல்டரைத் திறந்து பாருங்கள், அங்கேதான் இருக்கும்.

மேக்கில் ஆப்பிள் கணக்கைத் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிவிட்டு உள்ளே போகலாம். மின்ட் ஒரு பெயர், ஒரு கடவுச்சொல், அவ்வளவுதான் கேட்கிறது. அதைவிடப் பெரிய வசதி, மின்டை நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்கினால் வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, டச்பேட் ஓடுகிறதா என்று எல்லாம் தெரிந்துவிடும். பிடிக்கவில்லையா, பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி தொடங்கினால் பழைய சிஸ்டம் அப்படியே இருக்கும். மற்ற இரண்டிலும் காசு கொடுத்து வாங்கிய பிறகுதான் பழகிப் பார்க்க முடியும்.

கை எங்கே தடுமாறும்

மேக் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தடுமாறுவது அங்கேதான்.

காப்பி செய்ய விண்டோஸில் இடது சுண்டுவிரல் கண்ட்ரோலுக்குப் போகும். மேக்கில் அந்த வேலை கமாண்ட் விசைக்கு. அது ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில், கட்டைவிரலடியில் இருக்கிறது. முதல் வாரம் சுண்டுவிரல் தானாகக் கண்ட்ரோலைத் தேடிப் போகும், ஒன்றும் நடக்காது. மூன்றாம் வாரம் கட்டைவிரலுக்கு அது சுகமாகிவிட்டது, மணிக்கட்டு வலிகூடக் குறைந்தது. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து மின்டில் உட்கார்ந்தால் கட்டைவிரல் ஆல்ட் விசையை அழுத்தும். இரண்டு இடத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு இந்த இழுபறி முழுசாகத் தீருவதில்லை. கண்ட்ரோலையும் கமாண்டையும் இடம் மாற்றி வைக்க மேக்கிலேயே வழி உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்தவர் மேக்கில் உட்கார்ந்த அன்றே எல்லாம் குழம்பிவிடும்.

ஜன்னலின் மூலையிலிருக்கும் சிவப்புப் பொட்டை அழுத்தினால் ஜன்னல்தான் மூடும், செயலி பெரும்பாலும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே ஐகானுக்கு அடியில் சின்னப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். முழுசாக நிறுத்த கமாண்டோடு க்யூ. கோப்பைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் திறக்காது, பெயர் மாற்றச் சொல்லும். கோப்பைக் 'கட்' செய்து வேறு இடத்தில் ஒட்டுகிற பழக்கம் இங்கே செல்லாது: முதலில் காப்பி, ஒட்டும்போது ஆப்ஷன், கமாண்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். டெலீட் என்று எழுதியிருக்கும் விசை நம் பேக்ஸ்பேஸ் வேலையைத்தான் செய்யும். கர்சருக்கு வலப்பக்கம் இருக்கிற எழுத்தை அழிக்க எஃப்என் விசையைச் சேர்க்க வேண்டும். வரியின் தொடக்கத்துக்குப் போக ஹோம் விசையைத் தேடாதீர்கள், கமாண்டும் இடது அம்புக்குறியும். எழுதுகிற தொழில்காரர்களுக்கு இந்தக் கடைசி இரண்டும்தான் அதிக நாள் பிடிக்கும். எனக்கு ஒரு மாதம் ஆனது.

விண்டோஸ் 10-லிருந்து 11-க்குப் போகிறவர்களுக்கு இப்படி எதுவும் இல்லை. ஸ்டார்ட் பட்டன் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். டாஸ்க்பார் அமைப்பில் போய் இடப்பக்கம் தள்ளிவிடலாம், ஒரு நிமிட வேலை. வலது கிளிக் செய்தால் கட், காப்பி எல்லாம் பட்டியலுக்குள் இல்லாமல் சின்னப் படங்களாகத் தனி வரிசையில் நிற்கும். பழைய நீளப் பட்டியல் வேண்டுமென்றால் இன்னொரு கிளிக். எரிச்சல்தான், ஆனால் நான்கு நாளில் மறந்துவிடும்.

மின்ட் கதை தலைகீழ். சின்னமன் பதிப்பைத் திறந்தால் விண்டோஸ் 7 பார்த்த கண்ணுக்கு அந்நியமே தெரியாது. இடது மூலையில் மெனு, கீழே பட்டை, வலது மூலையில் கடிகாரம். கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி, ஆல்ட் டேப், பெயர் மாற்ற எஃப்2 எல்லாம் அதேதான். முதல் மூன்று நாள் "இதுவா லினக்ஸ்? இதுக்கா பயந்தோம்?" என்று தோன்றும். அந்நியம் பிறகுதான் தலைகாட்டும். சி டிரைவ், டி டிரைவ் என்று எதுவும் கிடையாது. இணையத்திலிருந்து இஎக்ஸ்இ கோப்பை இறக்கி இரட்டைக் கிளிக் செய்கிற பழக்கம் இங்கே உதவாது, மென்பொருள் மேலாளரில் தேடி நிறுவ வேண்டும், பெரும்பாலும் கடவுச்சொல் கேட்கும். பெரிய எழுத்தில் ஒரு பெயர், சின்ன எழுத்தில் அதே பெயர் என்று ஒரே போல்டரில் இரண்டு கோப்புகள் இருக்கலாம், அவை வேறு வேறு. சில லேப்டாப்களில் கைரேகை உணரி வேலை செய்யாது.

மேக் முதல் வாரம் படுத்தும், மூன்றாம் வாரம் பழகிவிடும். மின்ட் முதல் வாரம் சுகமாக இருக்கும், மூன்றாம் வாரம் ஏதாவது ஒன்று தேவைப்படும்போதுதான் தடுக்கும். மூன்று நாள் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

தமிழ் தட்டும்போது

என்னைப் பொறுத்தவரை மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். நான் தமிழ்99 பழகியவன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை அது. அம்மா என்று எழுத ஆங்கிலப் பலகையின் ஏ, கே, கே, க்யூ, நான்கே தட்டு. மகரத்தை இரண்டு முறை தட்டியதும் முதல் ம-வுக்குப் புள்ளியை அதுவே வைத்துவிடும். மூன்று சிஸ்டத்திலும் இது கிடைக்கிறது, மூன்றிலும் எழுத்துகள் அதே விசைகளில்தான். கமாண்டுக்கும் கண்ட்ரோலுக்கும் நடுவே நான் அல்லாடிய அந்த முதல் மாதத்திலும் தமிழ் எழுதுகிற வேகம் குறையவே இல்லை.

மேக்கில் தமிழ்99, ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டுகிற அஞ்சல் முறை இரண்டும் உள்ளேயே இருக்கின்றன, விசைப்பலகை அமைப்பில் சேர்த்தால் போதும். மேக்கோடு வரும் தமிழ் எழுத்துருக்களின் பெயரில் எம்என் என்று இருக்கும். மலேசியாவின் முத்து நெடுமாறனின் பெயர் முதலெழுத்துகள் அவை. அந்த எழுத்துகள் திரையில் தெளிவாகவும் அழகாகவும் இருக்கின்றன, நாள் முழுக்கப் படிக்கிற கண்ணுக்கு அது பெரிய நிம்மதி.

இப்போதைய விண்டோஸிலும் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உண்டு. கூடவே ஒலிபெயர்ப்பு முறை ஒன்றும் இருக்கிறது. அதில் ஆங்கில எழுத்தில் தட்டத் தட்ட வார்த்தைப் பட்டியல் எழும்பும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். எப்போதாவது நாலு வரி எழுதுகிறவருக்கு அது நல்லது. பக்கம் பக்கமாக எழுதுகிறவருக்கு ஒவ்வொரு சொல்லிலும் கண் பட்டியலுக்குப் போய்த் திரும்புவது களைப்பு.

மின்டில்தான் அரை மணி நேரம் செலவாகும். விசைப்பலகைப் பட்டியலைத் திறந்தால் தமிழ்நெட் 99 என்று ஒன்று கண்ணில் படும். அதைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவீர்கள். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும் தருவது, இரட்டித்தால் புள்ளி வைக்கிற வேலையைச் செய்யாது. நானே முதல் தடவை அதைப் போட்டுவிட்டு, லினக்ஸில் தமிழ் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று இரண்டு நாள் மனம் வெறுத்திருந்தேன். மென்பொருள் மேலாளரில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற தொகுப்பைத் தேடி நிறுவி, ஐபஸ் அமைப்புக்குள் தமிழ்99 சேர்க்க வேண்டும். பிறகு எந்தக் குறையும் இல்லை. பழைய தட்டச்சு மெஷின் முறையும் அதிலேயே இருக்கிறது, டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர்கள் மகிழ்வார்கள்.

அக்கா பல வருடமாக இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளில் அஞ்சல் முறையில் எழுதுகிறவள். அவளுக்கு விண்டோஸும் மேக்கும் சிரமம் தராது. மின்டில் உள்ள ஒலிபெயர்ப்பு முறைகள் சில எழுத்துகளில் அஞ்சலோடு வேறுபடும், ழ-வுக்கும் ந-வுக்கும் கை நின்று யோசிக்கும். இதைச் சொன்னதும் அக்கா, "அப்ப உன் தமிழ்99-ஐயே கத்துக்கிறேன்டா, எங்க போனாலும் கூட வருமில்ல?" என்றாள். ஐம்பத்திரண்டு வயதில் அப்படிக் கேட்கத் தோன்றியதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வினாத்தாள்

போன டிசம்பரில் அக்காவின் அரையாண்டு வினாத்தாள் ஒன்றை மின்டில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபிஸில் திறந்து பார்த்தேன். லதா எழுத்துருவில் இரண்டு பக்கத்துக்கு அளந்து செய்தது. லதா விண்டோஸுக்கான எழுத்துரு, மின்டில் இல்லை. வேறு எழுத்துரு போய் உட்கார்ந்ததில் தாள் மூன்று பக்கமாகிவிட்டது. பொருத்துக பகுதியின் அட்டவணை நடுவில் உடைந்து, 'சிலம்பு' ஒரு பக்கத்திலும் அதற்கான விடை அடுத்த பக்கத்திலும் கிடந்தன. ஜெராக்ஸ் கடையில் நிற்கும்போது இப்படி ஆனால் என்ன பாடு! நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை எல்லா மெஷினிலும் போட்டு அதிலேயே எழுதினால் இந்தத் தொல்லை மிகவும் குறையும். அச்சுக்குக் கொடுப்பதைப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் அறவே இல்லை. ஆனால் பத்து ஆசிரியர்கள் ஒரே வேர்டு கோப்பை மாற்றி மாற்றித் திருத்துகிற இடத்தில், ஒருத்தர் மட்டும் வேறு வழியில் போவது மற்ற ஒன்பது பேருக்கும் சிரமம். மேக்கில் வேர்டு உண்டு, காசு கட்ட வேண்டும்.

அக்காவிடம் வானவில் அவ்வையார் எழுத்துருவில் எழுதிய பழைய கோப்புகளும் இருக்கின்றன. 2010-இல் அரசு ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாறச் சொன்னதற்கு முந்தையவை. அந்த எழுத்துரு இல்லாத எந்த மெஷினில் திறந்தாலும் அவை புரியாத குறிகளாகத்தான் தெரியும். புது லேப்டாப் வாங்குகிறவர்கள் பழையதை யாருக்காவது கொடுப்பதற்கு முன்னால் இவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள்.

பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளம் பிரவுசரில் ஓடுவது, எந்த சிஸ்டமும் சரி. டேலியில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு விண்டோஸ்தான், அங்கே யோசிக்க ஒன்றுமில்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையிலுள்ள பழைய ஹார்ட் டிஸ்க்கை மேக் படிக்கும், அதில் எழுதாது.

கடையில் ஒரு எச்சரிக்கை. சில ஆயிரம் குறைவு என்று 'டாஸ் லேப்டாப்' காட்டுவார்கள். அதில் விண்டோஸ் கிடையாது. எங்கள் தெருவில் ஒருவர் அப்படி வாங்கினார், கடைக்காரரே உரிமம் இல்லாத விண்டோஸ் ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். அடுத்த மாதமே ஆக்டிவேட் செய்யச் சொல்லித் திரையின் மூலையில் எழுத்து நின்றது. டாஸ் லேப்டாப்தான் வாங்குவேன் என்றால் நேர்மையாக மின்ட் போட்டுக்கொள்ளுங்கள், தவறாமல் அப்டேட் வரும்.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அக்கா மகளுக்குக் கிடைத்த மெஷினிலும் இருந்தது. தொடங்கும்போது இரண்டு பெயர் வரும், விண்டோஸைத் தேர்ந்தெடுத்துப் போய்விடுவாள். அந்த இன்னொரு பெயர் என்னவென்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை, நானும் அப்போது சொல்லவில்லை.

அக்காவுக்கு விண்டோஸ் 11 லேப்டாப்தான் வாங்கினோம். பள்ளிக்கூடத்து வேர்டு கோப்புகள் அதைத் தீர்மானித்தன. பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு மின்ட் ஏற்றினேன். இரண்டிலும் தமிழ்99 வைத்துக் கொடுத்து, விசைகளின் படத்தை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் போன். "தம்பி, தமிழுக்கு மாத்த விண்டோஸ் விசையும் ஸ்பேஸும்தானே? ரெண்டு மெஷின்லயும் அதேதான் வேலை செய்யுது. நீதான் அப்படி வச்சியா?"

இல்லை அக்கா, இரண்டிலும் வரும்போதே அப்படித்தான் வருகிறது என்றேன்.