ஃபோர்டிராக்ஸ் 300-க்கு வாங்கிய கார்புரேட்டர் ரிப்பேர் கிட்

ஒண்டாரியோவில் மாமனார் பண்ணையில் ஓடும் 1996 ஹோண்டா ஃபோர்டிராக்ஸ் 300 (நான்கு சக்கர ஏடிவி வண்டி) இந்த ஏப்ரலில் சோக் போட்டால் மட்டுமே ஓடியது. சோக்கைத் தள்ளியதும் நின்றுவிடும். குளிர்காலம் முழுக்கப் பழைய பெட்ரோல் கிடந்ததில் கார்புரேட்டரின் ஸ்லோ ஜெட் (ஐடிலில் பெட்ரோல் போகும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு) அடைத்திருந்தது. 28 டாலருக்கு ஆன்லைனில் ஒரு ரிப்பேர் கிட் வாங்கினேன்.

ரப்பர் பாகங்கள் அருமை. கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் கிண்ணத்தின் கேஸ்கெட்டும் ஓ-ரிங்குகளும் கச்சிதமாக உட்கார்ந்தன, சொட்டுக் கசிவில்லை. பித்தளை ஜெட்டுகள்தான் ஏமாற்றம். பழைய கெய்ஹின் (கார்புரேட்டர் செய்த ஜப்பானிய நிறுவனம்) ஜெட்டோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்; பொறித்த எண் ஒன்றுதான், ஆனால் புதியதன் துளை கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரிது. அதனால் பழையதையே மெல்லிய செம்புக் கம்பி இழையால் குத்தி, கிளீனர் அடித்து, காற்று ஊதி மாட்டினேன். இப்போது முதல் அழுத்தலிலேயே ஸ்டார்ட் ஆகிறது.

கழற்றும் முன் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) ஸ்க்ரூடிரைவர் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஜப்பானியத் திருகுகளில் சாதாரண பிலிப்ஸ் போட்டால் தலை வழித்துக்கொண்டு போகும். அப்புறம், பைலட் ஸ்க்ரூவை (ஐடில் கலவையைச் சரிசெய்யும் திருகு) முட்டும்வரை மென்மையாக உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எழுதி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். புது கார்புரேட்டரே 40 டாலருக்குக் கிடைக்கிறது. பழையதன் உடல் நன்றாக இருக்கும்வரை நான் மாற்றமாட்டேன்.