பேரம் பேச ஓர் இங்கிலீஷ் வகுப்பு

திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவராக இருக்கிறேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையரிடம் (buyer) விலை பேசினாலே நாக்கு குழறும். அதற்காக 6,000 ரூபாய் கட்டி, ஒரு மாத மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் வாரம் முழுக்க 'மை செல்ஃப்' என்று ஆரம்பிக்கும் சுய அறிமுகம்தான். இங்கிலீஷில் அப்படி ஆரம்பிப்பதே தப்பு, அது வேறு கதை. அப்புறம் வந்த மேடம்தான் பிழைப்புக்கு ஆகிறதைச் சொல்லிக்கொடுத்தார். 'நாட் பாசிபிள்' என்று முகத்திலடித்த மாதிரி சொல்லாமல், 'தட் மைட் பி டிஃபிகல்ட்' என்று இழுக்க வேண்டுமாம். சும்மா இறங்கி வராமல், 'இஃப் யூ இன்கிரீஸ் தி குவான்டிட்டி, வி குட் லுக் அட் தி பிரைஸ்' என்று கொக்கி போட வேண்டுமாம். போன வாரம் டி-சர்ட்டுக்கு 10 சென்ட் குறைக்கச் சொன்ன பையரிடம் அதையே போட்டேன். பீஸ் எண்ணிக்கையைக் கூட்டி, 4 சென்ட் குறைப்போடு விட்டுவிட்டார்.

வகுப்பில் ஏசி மட்டும் கடைசிவரை ஓடவே இல்லை.